ஆற்று மீனும் கடற்பவளமும்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், ஐயாற்றங்கரையில் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஒரு தலக்கதை உண்டு. ஆற்றில் மீன் பிடித்தவர்கள் அதை அறுத்துச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். வெந்துகொண்டிருந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்பெற்று, துள்ளி ஆற்றுக்குள் போய்விட்டன. அறுத்த மீனைப் பொருத்தியவர் என்று அந்த இறைவனை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆற்று மீன்களில் அவரே இருக்கிறார் என்பது நம்பிக்கை. கும்பிட வருகிறவர்கள் மீன்களுக்கு இரை போடுகிறார்கள். அந்தத் துறையில் வலை வீசுவதும் தூண்டில் போடுவதும் பாவம். பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவனை விளித்து அறப்பளீசுர சதகத்தைப் பாடினார். நல்ல குடிக்கும் நல்ல அரசுக்கும் உரிய ஒழுக்கங்களை அதில் நூறு செய்யுள்களாக அடுக்கினார். அந்த நூறும் ஏட்டில் இருக்கின்றன. எந்த ஏட்டிலும் ஏறாமல் ஆற்றங்கரையில் மட்டுமே வாழும் இந்த ஒரு விதி அவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

வெந்த மீன் உயிர்பெற்றதா என்று விசாரிப்பதில் பயனில்லை. அந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில் பயனுண்டு. ஓடுகிற நீரில் அது ஒரு கோடு இழுக்கிறது. கோட்டுக்கு அப்பால் மீன் உணவு, இப்பால் மீன் சாமி. இந்த வருடம் மீன் பெருகியிருக்கிறதே, கொஞ்சம் பிடித்தால் என்ன என்ற கணக்குக்கு இப்பால் இடமே கிடையாது. கடலியல் அறிஞர்கள் பவளப்பாறைகளைச் சுற்றி வரைபடத்தில் எல்லை வரைந்து, இதற்குள் எதையும் எடுக்கக் கூடாது என்று எழுதி வைப்பதும் இதே வேலைதான். அவர்கள் இந்த முடிவுக்கு வருவதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவைப்பட்டது. மலைமக்கள் ஒரு சட்டிக் குழம்பின் கதையால் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மலை ஆற்றையும் கடல் பாறையையும் சேர்த்து யோசிப்பதற்குக் காரணம், இரண்டையும் இன்று நாம் ஒரே விதமாகப் பார்க்கப் போகிறோம் என்பது. கொல்லிமலைக்கு ஒருநாள் சுற்றுலா என்றால் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள், சோளக்காட்டுச் சந்தை, வாசலூர்ப்பட்டிப் படகுத்துறை, எட்டுக்கை அம்மன், அறப்பளீஸ்வரர், ஆயிரம் படிகளுக்கும் மேல் இறங்கி ஆகாய கங்கை, இருட்டுவதற்குள் மலையிறக்கம். அந்தமானிலோ திருகோணமலையிலோ பவளப்பாறை பார்க்க ஒருநாள் முக்குளிப்பு என்றால் காலையில் படகு, உடை, காற்று உருளை, இரண்டு முறை மூழ்குதல், நடுவே ஓய்வும் சாப்பாடும், மாலையில் கரை. இரண்டுக்கும் ஒரு வழிகாட்டி. இரண்டும் ஒரே வாக்கைத் தருகின்றன: ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறோம். இந்த வாக்கில்தான் நான் கேட்க நினைக்கும் சமயக் கேள்வி இருக்கிறது. நமக்காக உண்டாகாத ஓர் உயிரிடத்தின் முன்னால் போய் நிற்கும்போது நாம் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புவது வழிபாடாகுமா? என் பதில், வழிபாட்டின் உயிர் மனக்கசிவில் இல்லை, தடுக்கப்படுவதற்குச் சம்மதிப்பதில் இருக்கிறது என்பது. மனக்கசிவு தானாக வரும், தானாகப் போகும். இன்னொருவர் கையை நீட்டி இதற்கு மேல் வேண்டாம் என்னும்போது நின்றுவிடுவது நாம் தேர்ந்துகொள்ளும் செயல்.

இதை விளக்கக் கொல்லிமலையிலேயே இன்னொரு தெய்வம் இருக்கிறது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் கொல்லிப்பாவையைப் பேசுகின்றன. மலையின் ஒரு பக்கத்தில் தெய்வம் ஆக்கி வைத்த பெண்ணுருவம் அது. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் அழகு குன்றாதது. பழைய புலவர்கள் தலைவியின் அழகுக்கு அதை உவமை சொன்னார்கள். மக்கள் வாய்மொழி இன்னும் ஒரு படி மேலே போகிறது: தவம் செய்கிறவர்களுக்குத் தீங்கு நினைத்து வருபவனை அந்தப் பாவை சிரித்து மயக்கும், மயங்கி நெருங்கினவன் திரும்பமாட்டான். அவளே இன்று எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுகிறாள். அழகு அங்கே இருக்கிறது, ஆனால் உனக்காக இல்லை. தகாத எண்ணத்தோடு நெருங்கினால் அழிவது நீ. இதுதான் அந்தக் கதையின் சட்டம். இந்தச் சட்டத்துக்கு நிலமும் துணை நின்றது. அன்று மலைக்குச் சாலை கிடையாது. காடு, செங்குத்து, காய்ச்சல், விலங்கு. ஏறுகிறவன் தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஏறினான்.

கடலையும் அப்படி ஒரு காவல் காத்தது. தூத்துக்குடியின் முத்துப்பார்களில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருந்தார், அடக்கிய மூச்சு ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோ தாங்கியது. அந்த மூச்சின் அளவுதான் கடலடியில் மனிதனுக்கு இருந்த உரிமையின் அளவு. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் மூச்சுக்கு ஏற்பக் காற்றை அளந்து தரும் கருவியை உருவாக்கியதும் அந்தக் காவல் நீங்கியது. கொல்லிமலையில் 70 வளைவுகள் செய்ததைக் கடலில் அந்தக் கருவி செய்தது. இப்போது ஆபத்து இடம் மாறிவிட்டது. பாவையிடம் நெருங்கியவன் அழிந்தான். பவளத்திடம் நெருங்கினால் பவளம் அழிகிறது. அச்சம் செய்துவந்த வேலையைச் செய்ய இனி வேறொன்று வேண்டும். இந்த மாற்றத்தை நம் பக்தி இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பவளம் பார்ப்பதற்குக் கல், உண்மையில் உயிர்களின் கூட்டம். ஒவ்வொரு சிறு குழியிலும் ஒரு மெல்லுடல் உயிர். அதன் திசுவுக்குள் சூரிய ஒளியால் உணவு சமைத்துத் தரும் நுண்பாசி. வெளியே நோயைத் தடுக்கும் வழுவழுப்பான ஒரு படலம். விரல் பட்டால் அந்தப் படலமும் திசுவும் கிழியலாம். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தட்டினால் கிளை ஒடியும், அல்லது மணல் கிளம்பி உயிர்களின் மேல் படியும். உருண்டை வடிவப் பவளங்களில் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பவளத் திட்டு நிற்கிறது என்றால் அதன் வயது சில நூற்றாண்டுகளாக இருக்கக் கூடும். நூற்றாண்டுகள் பழைய சிற்பத்தின் மூக்கை உடைத்தவனை நாம் மன்னிப்பதில்லை. நூற்றாண்டுகள் பழைய உயிரின் மேல் ஓய்வுக்காக ஊன்றி நின்றவன் படம் எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டுகிறான், நாம் பாராட்டுகிறோம்.

முக்குளிப்பு நாளைத் திட்டமிடுகிறவர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் திட்டம் முழுவதுமே தடைகளால் ஆனது. புதிதாகச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். துணையில்லாமல் இறங்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. கடலை விட்டு வந்த பிறகும் தடை தொடர்கிறது. அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும் என்பதால் ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், திரும்பத் திரும்ப மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாதிருக்கச் சொல்கிறார்கள். மலையேற்றத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புதுச்சேரிக் கடலில் காலையில் இரண்டு முறை மூழ்கிவிட்டு, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் கொல்லிமலைக்கு அன்றிரவே வண்டி ஏறுவது உடலுக்குக் கேடு. இத்தனை தடைகளையும் மக்கள் முகம் சுளிக்காமல் ஏற்கிறார்கள். காரணம் வெளிப்படை: மீறினால் தண்டனை மீறியவன் உடம்பில் இறங்கும். இவையெல்லாம் பாவையின் வகையைச் சேர்ந்த தடைகள். பவளத்தைத் தொடாதே என்பது மட்டும் மீனின் வகையைச் சேர்ந்தது. அதை மீறுபவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனாலேயே அது ஒன்றுதான் அறத்தின் எல்லைக்குள் வருகிறது.

தொடாதே என்ற அந்தத் தடையை மனிதர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் பணிவு வருகிறது. கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் 353 முக்குளிப்பாளர்களை நீருக்கடியில் கூடவே போய்க் கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது பாறையில் பட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பட்டார்கள். புறப்படும் முன் பாறையைத் தொடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னதால் எந்த மாற்றமும் விளையவில்லை. தொட்டவரை வழிகாட்டி நீருக்கடியிலேயே தடுத்தபோதுதான் தொடுவது குறைந்தது. இவர்களில் யாரும் கடலை வெறுத்து வந்தவர்கள் இல்லை. காசும் நேரமும் செலவழித்து, கடலை நேசித்து வந்தவர்கள். நேசம் கையைக் கட்டுப்படுத்தவில்லை, அறிவுரையும் கட்டுப்படுத்தவில்லை, இன்னொரு மனிதரின் குறுக்கீடு கட்டுப்படுத்தியது. எகிப்தின் ராஸ் முகமது கடற்பூங்காவில் 1990களில் நடந்த ஆய்வு சற்று நம்பிக்கை தருகிறது. அங்கே ஒரு வரி அறிவுரைக்குப் பதிலாக, பவளத்தின் உயிரியலை விளக்கி, நீருக்குள் கூட்டிப்போய் எது உயிருள்ளது, எது வெறும் பாறை என்று காட்டினார்கள். தொடுகைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால், சொல்லால் மட்டும் ஆகாது. யாரோ ஒருவர் கூட இருந்து கற்பிக்கவும் தடுக்கவும் வேண்டும். ஐயாற்றில் அந்த வேலையைக் கோயிலும் ஊரும் செய்கின்றன. அங்கே தூண்டிலோடு இறங்குகிறவனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகும் ஊர்க்காரரைக் கற்பனை செய்ய முடியவில்லை.

இதற்குச் சட்டம் போதாதா, சாமி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிய கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள், தீவுகள் அலைக்குக் கரைந்தன, இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. சட்டம் வந்ததால் வெட்டுவது நின்றது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. கடலில் ரோந்து போகும் வனக்காவலருக்கு இந்தக் கட்டுரையைவிடப் பெரிய புண்ணியம் உண்டு. ஆனால் சட்டம் பெரிய குற்றத்தைப் பிடிக்கும். ஒரு பாதம் பட்டதை, ஒரு விரல் பட்டதை, ஆமையை ஐந்து நிமிடம் துரத்தியதை அது பார்க்காது, பார்க்கவும் முடியாது. சின்னச் சின்னத் தீங்குகள் ஆயிரம் பேரால் நாள்தோறும் நிகழும் இடத்தில் சட்டத்தின் கை எட்டுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். பசிபிக் தீவு நாடான பலாவு இதைப் புரிந்துகொண்டது. 2017 டிசம்பர் முதல் அந்த நாட்டுக்கு வருகிறவரின் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். பலாவின் குழந்தைகளை நோக்கி, உங்கள் தீவுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று வந்தவர் கையெழுத்திட வேண்டும். சட்டங்கள் இருந்தும் அந்த நாடு நேர்ச்சையைத் தேடியது. தங்கள் கடலின் சில பகுதிகளைத் தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைக்கும் பழைய வழக்கம் உள்ள மக்கள் அவர்கள். நம் ஊரில் விரத மாலை போட்டவர் செருப்பைக் கழற்றுவதைக் காவலர் வந்து சரிபார்ப்பதில்லை. அந்த வகைக் கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வடிவம் சமயத்திடம்தான் முதிர்ந்த நிலையில் இருக்கிறது.

இன்னொருவர் சொல்வார்: சமயம்தானே மலையைக் குப்பையாக்குகிறது. ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் வழிபாட்டுக்கும் திரளும் கூட்டத்தைக் காட்டுவார். அருவிக்கு இறங்கும் படிகளில் பிளாஸ்டிக் கிடக்கிறது. மீனுக்குப் போடும் பொரிப் பையே ஆற்றில் மிதக்கிறது. மீனுக்கு இரை போடுவதுகூட மீனுக்கு நல்லதா? சில கடல்களில் அதைத் தடுக்கிறார்கள். இரை போட்டுப் பழக்கினால் மீன்களின் இயல்பு மாறுகிறது என்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முக்குளிப்பாளர்கள் இரை போடுவதைத் தடை செய்தது. கர்நாடகத்தின் சிசிலாவிலும் கோயில் மீன்கள் உண்டு. 1996இல் அங்குள்ள ஆற்றில் யாரோ நஞ்சு கலந்து ஏராளமான மீன்களைக் கொன்றார்கள். சாமி மீன் என்பதால் அவை தப்பவில்லை. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை காட்டுவது என்ன? கூட்டத்திடம் மனக்கசிவு இருக்கிறது, தடுக்கப்படும் சம்மதம் இல்லை. மீனைப் பிடிக்கக் கூடாது என்று ஏற்றவர், பையைப் போடக் கூடாது என்பதை ஏற்கவில்லை. முன்னது கதைக்குள் இருக்கிறது, பின்னது இன்னும் கதைக்குள் வரவில்லை. பிளாஸ்டிக் இல்லாத காலத்தில் பிறந்த விதியில் பிளாஸ்டிக் எப்படி இருக்கும்? மரபு உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது புதிய தடைகளைப் பெறுவது. அறப்பளீஸ்வரர் துறையில் மீனுக்குப் பொரி போடாமல் கும்பிடுவதே முறை என்று கோயிலே சொல்லுமானால் அது மரபுக்கு எதிராகாது, அந்தக் கதையின் நோக்கத்துக்கு இன்னும் நெருக்கமாகும்.

எனக்கு மிகக் கனமாகப்படும் மறுப்பு வேறு. தொடாதே, நெருங்காதே, எல்லையில் நில் என்ற சொற்களைத் தென்னாட்டில் யார் யாரிடம் சொல்லி வந்தார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய 1939 ஜூலை வரை ஆயிற்று. அந்த வரலாறு உள்ள மண்ணில், தடுக்கப்படச் சம்மதிப்பதே பக்தி என்று ஒருவன் எழுதினால், அது பழைய கதவை வேறு பெயரில் சாத்துவதாகாதா? இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காத எந்தப் புனிதப் பேச்சும் என்னைப் பொறுத்தவரை தகுதியற்றது. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. கோயில் வாசலில் போட்ட தடை, பிறப்பைப் பார்த்துச் சிலர்மேல் மட்டும் விழுந்தது. போட்டவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மீனின் தடை, பவளத்தின் தடை எல்லோர் மேலும் ஒன்றுபோல விழ வேண்டும். பணம் கொடுத்தவர், பதவியில் இருப்பவர், பூசாரி, படகுக்காரர் யாருக்கும் விலக்கு இல்லை. இரண்டாவது, அந்தத் தடை வலியவனைக் காத்து எளியவனைத் தள்ளியது. இது எளிய உயிரைக் காத்து, வண்டியும் கருவியும் காசும் கொண்ட வலியவனை நிறுத்துகிறது. தடையைப் பார்த்தால் அது யாரை நிறுத்துகிறது, யாருக்காக நிறுத்துகிறது என்று கேட்க வேண்டும். சிறப்புச் சீட்டு வாங்கியவருக்கு மட்டும் எல்லை விலகும் புனித இடம், அது மலையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும், இந்தக் கேள்வியில் தோற்றுவிடும்.

பக்தி மரபிலிருந்தே வரும் மறுப்பும் ஒன்று உண்டு. கண்ணப்பர் என்ன செய்தார்? காளத்தியில் வாயில் கொண்டுவந்த நீரால் இறைவனை ஆட்டினார், கடித்துச் சுவைபார்த்த இறைச்சியைப் படைத்தார், கண்ணைப் பெயர்த்து அப்பும்போது அடையாளத்துக்காகச் செருப்புக் காலைச் சிவலிங்கத்தின் மேல் ஊன்றினார். ஆகம விதிப்படி பூசித்த சிவகோசரியாரைவிட அவரை உயர்த்திப் பேசுகிறது பெரியபுராணம். அன்புக்கு எல்லை கிடையாது என்பதல்லவா அதன் பொருள்? நான் அந்தக் கதையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன், அது என் வாதத்தைக் கெடுக்கவில்லை. கண்ணப்பர் அந்தக் காட்டின் வேடர். வந்த பிறகு மலையை விட்டு அகலாதவர். தான் உண்ணாமல் கொடுத்தவர். கடைசியில் கொடுத்தது தன் கண்ணை. காலையில் வந்து மாலையில் போகிறவர், எதையும் இழக்காமல், அவர் பெற்ற நெருக்கத்தை மட்டும் கேட்பது எந்த வகையில் அன்பு? பாறையோடு வாழும் ஒருவர் அதைத் தொடலாம். இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் விரல்கள் நாளெல்லாம் அந்தப் பாறைகளில்தான் இருக்கின்றன. அவர்கள் தொடுவதற்குப் பின்னால் கடலின் மேல் பிழைப்பை வைத்த வாழ்க்கை இருக்கிறது, பாறை கெட்டால் அடுப்பு எரியாது என்ற உறவு இருக்கிறது. விருந்தாளிக்கு அந்த உறவு இல்லாததால் அவருக்குரிய அன்பின் வடிவம் கை கட்டி நிற்பதுதான்.

கடலின் வெப்பத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் நீர் சூடேறியதால் நுண்பாசியை இழந்து வெளுத்துப் போயின. 2016இல் பல மீளாமலே மடிந்தன. விரலைத் தொடாமல் வைத்துக்கொண்டால் கடல் குளிருமா என்று கேட்டால், குளிராது. பவளம் பார்க்க விமானத்தில் பறந்து போகிறவர் அந்தச் சூட்டுக்குத் தன் பங்கைச் சேர்த்துவிட்டே போகிறார். எனவே ஒருநாள் பயணத்தின் முதல் தடை, அந்தப் பயணம் தேவைதானா என்ற கேள்வியில் இருக்கிறது. போவது என்று முடிவானால், வெப்பத்தால் நலிந்த பவளம் தேறி வரும் ஆண்டுகளில் அதன்மேல் இன்னொரு காயம் விழாமல் பார்ப்பது சின்ன விஷயமல்ல. நோயாளி பிழைப்பாரா என்று தெரியாத நிலையிலும் அவர் படுக்கையை யாரும் மிதிப்பதில்லை.

எஞ்சுவது, தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது. என் பதிலில் எனக்குத் தயக்கமில்லை: அங்கேயே வாழ்கிறவர்களிடம். கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் மிளகும் பலாவும் விளைவிக்கிறார்கள். வெட்டக் கூடாத சாமி காடுகளைப் பாட்டன் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். மரவள்ளியும் காப்பியும் பரவி அந்தக் காடுகளில் சில சுருங்கியதும் உண்மை. அவர்களை முனிவர்களாக்கிப் பேச வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் கிழக்குக் கடற்கரையில், தடையின் விலையைத் தங்கள் வீட்டுச் சோற்றில் கொடுக்கிறவர்கள் மீனவர்கள். ஊர்க்காரர் எல்லாத் தடைகளையும் சுமக்க, வெளியூர் விருந்தாளி எதையும் சுமக்காமல் அழகை மட்டும் எடுத்துப்போவது அநீதி. அந்த மக்கள் இன்று ஓட்டுநராக, சமையல்காரராக, சுமைதூக்கியாக, வழிகாட்டியாகப் பயணத்துக்குள் இருக்கிறார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டில் வனத்துறையும் உள்ளூர் மீனவ மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் நடத்துகிறார்கள். அந்த வழி சரியான திசையில் இருப்பதாக நினைக்கிறேன். செயின்ட் லூசியாவில் தெரிந்த உண்மை இங்கே வந்து முட்டுகிறது. நீருக்கடியில் குறுக்கிடும் ஒருவரால்தான் பவளம் காக்கப்படுகிறது என்றால், அவர் குறுக்கிடத் துணிவாரா என்பதே எல்லாம். விருந்தாளி தரும் இனாமில் குடும்பம் நடத்துகிறவர், விருந்தாளியின் கையைப் பிடித்து விலக்கமாட்டார். ஆமையை இன்னும் கிட்டத்தில் காட்டத்தான் பார்ப்பார். எத்தனை பேரை ஏற்றினார், எவ்வளவு அருகில் காட்டினார் என்பதைக் கொண்டு கூலி தீர்மானிக்கப்படும்வரை அவரை வழிகாட்டி என்று அழைப்பது பெயரளவில்தான். ஆகவே ஒருநாள் பயணத்துக்கு, மலைக்கோ கடலுக்கோ, முன்பதிவு செய்கிறவர் எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நீர் கலங்கியிருக்கிறது, கூட்டம் மிகுந்துவிட்டது, இன்று வேண்டாம் என்று எங்களைத் திருப்பி அனுப்ப உங்கள் வழிகாட்டிக்கு அதிகாரம் உண்டா, திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி அவருக்கு முழுதாகக் கிடைக்குமா?